நிர்வாணா ராக் இசைக்குழுவின் பழைய சிடி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். அக்கா மகன் கித்தார் பழகுகிறான். நிர்வாணாவின் 1989 ‘பிளீச்’, 1991 ‘நெவர்மைண்ட்’ இரண்டையும் அவனுக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். “முதல் ஆல்பம் ஏன் மாமா இப்படிக் கரகரங்குது?” என்றான்.

எனக்கு அந்தக் கரகரப்புதான் உயிர். சியாட்டிலில் ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோ 606 டாலர் சொச்சத்தில் பதிவு செய்து கொடுத்தது. கித்தார் சேறு மாதிரி அப்பிக்கொண்டு வரும். அடுத்ததில் தயாரிப்பாளர் புட்ச் விக், பாடகர் கர்ட் கோபேனைப் பல இடங்களில் ஒரே வரியை இரண்டு முறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். ஹெட்போனில் கேட்டால் குரல் தடித்து முன்னால் வந்து நிற்கும். டிரம்ஸும் டேவ் குரோல் கைக்கு மாறிவிட்டது.

சரி, விஷயம் இதுதான். என்னிடம் இருப்பவை 2009, 2011இல் மெருகேற்றி மறுபடி வெளியிட்டவை. எது அன்றைய மெருகு, எது பிறகு பூசியது என்று அவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதலில் வந்த சிடிகள் இருந்தால் ஒரு வாரம் இரவல் தருவீர்களா? யீஷூன் எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துக் கேட்பது எப்படி என்று ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.