மைலேஜ் 15-லிருந்து 11: சென்சார் மாற்றியே ஆகணுமா?

தண்டையார்பேட்டை வண்டி:
2008 மாடல் பெட்ரோல் கார். தினமும் மணலி வரை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போகிற ஓட்டம்தான். ஆனால் அதே ரோட்டில் லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி இரண்டு மாதமாக 11-ஐத் தாண்டவில்லை, சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை வேறு. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் "மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். மாற்றலாமா?

மூலக்கடை முருங்கை:
ப்ரோ, முதலில் அந்த சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவை நேரடியாக அளப்பது) உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன பெட்ரோல் கார் பலவற்றில் அது கிடையாது. மேனிஃபோல்டு (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும், காற்றின் சூட்டை அளக்கும் ஐஏடி சென்சாரும்தான் இருக்கும். இதை வைத்து ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) காற்றைக் கணக்குப் போட்டு, எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று ஊற்றுகிறது. அழுத்தம் கூடுதல் என்று பொய்த் தகவல் போனால் பெட்ரோலும் கூடத்தான் போகும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் திருத்தப் பார்க்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ராயபுரம் டீசல்:
சென்சார் அளவுகளை போனில் காட்டும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்குங்கள். சாவி போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மேப் பாருங்கள். நாம் கடலோரம் என்பதால் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும். ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) 30-40க்கு இறங்கணும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ஐஏடியும் கூலன்ட் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கணும். ஐஏடி -40 காட்டினால் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, சென்னையில் ஏது அந்தக் குளிர்!

பெரம்பூர் பழைய வண்டி:
ஏர் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள் தம்பி, மைலேஜ் ஏறும்.

ராயபுரம் டீசல்:
அண்ணா, அது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது.

தண்டையார்பேட்டை வண்டி:
பார்த்துவிட்டேன். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரே இல்லை! சாவி போட்டால் மேப் 100, ஐடிலில் 58, ஃப்யூயல் ட்ரிம் -18, அதாவது ஈசியூ பெட்ரோலை 18 சதவீதம் குறைக்கப் பார்க்கிறது. மேப் சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிக்கொண்டே போனால் முனையில் நகக்கண் அளவுக்கு வெடிப்பு. அது வழியாக வெளிக்காற்று புகுந்து அழுத்தத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன், ஐடிலில் 35. வாடை போய்விட்டது. மைலேஜ் டேங்க் நிரப்பி ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். மெக்கானிக்கிடம் சொன்னேன், "நானும் அந்த ஏரியாவைத்தான் சார் சொன்னேன்" என்கிறார்.