சிறையில் செக்கிழுத்தவர்கள் பற்றித் தகவல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். சென்னை மாகாணச் சிறைகளில் கைதிகளிடம் வாங்கிய கடின உழைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி. கோவைச் சிறையில் மாடு மாதிரி செக்கிழுத்தது நமக்குத் தெரியும், அந்தச் செக்குகூட கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஆனால் சின்னத் திருட்டுக்கு உள்ளே போய் கல் உடைத்தவர்கள், செக்கிழுத்தவர்கள்? அரசுக் கோப்புகளில் பேசுவதெல்லாம் அதிகாரிகள்தான், கைதியின் குரல் அபூர்வம், அது எனக்கு ரொம்பவே உறுத்துகிறது.

உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 1947க்கு முன் கோவை, வேலூர், கண்ணூர் சிறைகளில் கைதியாகவோ வார்டராகவோ இருந்திருந்தால் தயவுசெய்து தனிச்செய்தி அனுப்புங்கள். கடிதம், விடுதலைச் சீட்டு, போட்டோ, வீட்டில் சொல்லும் கதை, எதுவானாலும் சரி. சம்மதமில்லாமல் பெயரை வெளியிட மாட்டேன். அப்புறம், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் நேரில் வந்தே கேட்டுக்கொள்கிறேன்.