‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ கட்டுரை: நாலு பேர் சேர்ந்து தொகுக்கும்போது வரும் சிக்கல்கள்

மூங்கில்பாலம் (கேள்வி):
வணக்கம். டேவிட் லீனின் இந்த 1957 போர்ப்படத்துக்கான விக்கிப்பீடியா கட்டுரையை நாலு பேர் விரிவாக்குகிறோம். கதைச்சுருக்கம் 1,600 சொல்லைத் தாண்டிவிட்டது. தொகுத்தல் முரண்பாடு (ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் மாற்றிச் சேமிக்கும்போது வரும் மோதல்) அடிக்கடி வருகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல்: இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களைப் படம் மறைத்துவிட்டது என்று ஒருவர் பத்தி சேர்க்கிறார், இன்னொருவர் ‘சொந்த ஆய்வு’ (சான்றில் இல்லாமல் தொகுப்பவரே எடுத்த முடிவு) என்று நீக்குகிறார். எங்கிருந்து தொடங்கலாம்?

படச்சுருள்:
முதலில் அந்தப் பத்தியைக் கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், நீக்கலும் மீட்டலும் நிற்கட்டும்.

பக்கத்தின் உச்சியில் உள்ள ‘தொகு’வை விட்டுவிட்டு, பிரிவுத் தலைப்பை ஒட்டியுள்ள ‘தொகு’வை அழுத்துங்கள். ஆளுக்கொரு பிரிவு என்றால் முரண்பாடு பெரும்பாலும் வராது. பக்கத்தை மணிக்கணக்கில் திறந்துவைத்து மொத்தமாகச் சேமிப்பதுதான் இதற்கு வேர்.

கதைச்சுருக்கத்துக்கு ஆங்கில விக்கியின் அளவு 400 முதல் 700 சொல். 161 நிமிடப் படத்துக்கு 700 தாராளம். காட்சி காட்சியாகச் சொல்லாமல் காரணங்களைக் கோத்துக்கொண்டு போங்கள்: அதிகாரிகள் கூலிவேலை செய்ய மாட்டார்கள் எனக் கைதிகளான பிரிட்டிஷ் படையின் தளபதி நிக்கல்சன் மறுப்பது, ஜப்பானிய முகாம் தலைவர் சைட்டோ இறங்கிவருவது, பாலமே நிக்கல்சனின் பெருமையாகிவிடுவது, முகாமிலிருந்து தப்பிய அமெரிக்கக் கைதி ஷியர்ஸ் தகர்ப்புக் குழுவோடு திரும்புவது, நீர்மட்டம் இறங்கி வெடிக்கம்பி வெளியே தெரிவது. கடைசியில் நிக்கல்சன் ‘மனம் திருந்தி வெடிக்கவைத்தார்’ என்று எழுத வேண்டாம். குண்டடிபட்டு வெடிப்புக் கருவியின் பிடிமேல் சாய்கிறார். திரையில் தெரிவது அவ்வளவே.

அடிக்குறிப்பு:
பத்தியை நீக்கியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படம், நாவல், வரலாறு மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலப்பதால்தான் சண்டை. படத்துக்கு மூலமான பியர் பூலின் 1952 நாவலில் பாலம் தகர்வதில்லை, படத்தில் தகர்கிறது. வரலாற்றில் தாய்லாந்தில் மரத்தால் ஒன்று, இரும்பால் ஒன்று என இரண்டு பாலங்கள் இருந்தன. அவற்றை 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டுவீசித் தாக்கின. அப்போது அந்த ஆற்றின் பெயரும் மே குளோங்தான். படம் புகழ்பெற்ற பிறகு, 1960-களில் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். படப்பாலம் எழுந்ததோ இலங்கையில், கித்துல்கலையில் களனி ஆற்றின்மேல்.

இனி அந்தப் பத்தி. 415 கி.மீ. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. நேச நாட்டுக் கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு ஏறத்தாழ 90,000 என்பது பரவலான மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். முறையான பதிவேடு இல்லாததால் நூலுக்கு நூல் எண் மாறும். ஆகவே ‘மதிப்பீடு’ என்ற சொல்லும் அது யாருடையது என்பதும் வாக்கியத்துக்குள்ளேயே வர வேண்டும்.

‘படம் தமிழர்களை மறைத்தது’ என்பதற்கு ரயில்பாதை வரலாற்று நூலைச் சான்றாக வைத்தால் அந்த முடிவு தொகுப்பவருடையதாகிவிடும். படத்தையும் தொழிலாளர்களையும் சேர்த்துப் பேசும் விமர்சனமோ ஆய்வோ வேண்டும்.

மூங்கில்பாலம்:
அது கிடைக்கும்வரை பத்தியே வரக்கூடாதா?

அடிக்குறிப்பு:
வரலாம், இன்றைக்கே. தொழிலாளர் வரலாறும் எண்ணிக்கையும் ‘வரலாற்றுப் பின்னணி’யில் சான்றோடு இருக்கட்டும். தீர்ப்புச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் பேச்சுப் பக்கத்தில் காத்திருந்தால் போதும். இத்தனை பேரின் சாவு ஒரு படக்கட்டுரையின் பத்தியில் ஒடுங்கிவிடக்கூடாது. ரயில்பாதைக் கட்டுரையில் தனிப்பிரிவாக விரித்து எழுதி, இங்கிருந்து உள்ளிணைப்புக் கொடுங்கள்.

வழிமாற்று:
விருதுப் பிரிவில் வழக்கமாக நடக்கும் பிழை ஆண்டுக் குழப்பம்: படம் 1957, ஆஸ்கர் விழா 1958 மார்ச். மொத்தம் 7 விருதுகள். திரைக்கதை விருது அப்போது பூல் பெயருக்குப் போனது. எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிசச் சந்தேகத்தால் ஹாலிவுட் வேலை மறுத்த கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள்; அகாடமி அவர்களை ஏற்றது 1980-களில்தான். தகவற்சட்டத்தில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கத் தகவல் பெட்டி) அந்த இருவர் பெயரையும் போட்டு, காரணத்தை அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

படத்தின் சுவரொட்டியைப் பொதுவகத்தில் (எல்லா விக்கிகளுக்கும் பொதுவான கட்டற்ற கோப்புக் கிடங்கு) ஏற்றாதீர்கள், காப்புரிமை இருப்பதால் நீக்கிவிடுவார்கள். நியாயப் பயன்பாட்டு விளக்கத்தோடு, குறைந்த தெளிவில், உள்ளூரில், அதாவது தமிழ் விக்கியிலேயே ஏற்றுங்கள். ஐஎம்டிபி (IMDb) திரைப்படத் தளத்தின் துணுக்குகள் பயனர்கள் எழுதுபவை, சான்றாகா.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்த பத்தி இருந்தால் தொகுப்புச் சுருக்கத்தில் மூலப் பக்கத்தின் இணைப்பைக் கட்டாயம் இடுங்கள். விக்கிப்பீடியாவின் உரிமம் அதைக் கேட்கிறது. ‘குவாய்’, ‘க்வாய்’ இரண்டுக்கும், எந்த எழுத்தில் தேடினாலும் இந்தக் கட்டுரைக்கே கொண்டுவரும் வழிமாற்றுப் பக்கம் வையுங்கள்.