கொழுக்கட்டைப் புல் விதை முளைக்கலை, எங்கே தப்பு?

மேட்டுக்காடு:
காங்கயம் பக்கம், மானாவாரி, சரளை கலந்த செம்மண். கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் காடு) கொழுக்கட்டைத் தீவனப் புல் இருக்கற அரை ஏக்கரை மாடு விடாம விதைக்கு விட்டிருக்குதுங்க. கார்த்திகையில உருவின விதையைத் தையில விதைச்சா நூத்துக்குப் பத்துகூட முளைக்கலை. கதிர்ல பாதி தானாவே கொட்டியும் போகுது. எப்ப உருவணும்?

சரளை:
ரெண்டு மாச விதை முளைக்காதுங்க. இதுக்கு 6 முதல் 8 மாசம் உறக்கம் (ஈரம் பட்டாலும் முளைக்காம இருக்கற காலம்) உண்டு. கார்த்திகை விதை ஆடி, ஆவணிக்குத்தான் ஆகும். அவசரம்னா 1 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசல்ல (லிட்டருக்கு 10 கிராம்) 48 மணி நேரம் ஊறவெச்சு விதைக்கலாம். ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ. சுணை (விதையைச் சுத்தி இருக்கற மயிர்) ஒண்ணோடொண்ணு பின்னிக்கும், ஈர மணல்ல பிசறித் தூவுங்க. ஆழமாப் போனா முளை சரியா மேல வராது. ஏர் ஓட்டி மூடாதீங்க, வேலமுள்ளு இழுத்தாப் போதும்.

கிளுவைவேலி:
உறக்கத்துக்கு முன்னாடி, உள்ள அரிசி இருக்குதான்னு பாருங்க. நாம உருவறது விதை இல்லை, சுணை சூழ்ந்த உறை. 100 உறையை எண்ணி உள்ளங்கையில தேய்ச்சு ஊதினா நிஜம் தெரியும். பூக்கறப்ப காய்ஞ்சாலோ, இளசா உருவினாலோ வெறும் சொத்தைதான். காசுக்கு வாங்கறப்பவும் இப்படிப் பார்த்துட்டுப் பணம் குடுங்க, எடையை நம்பாதீங்க.

கதிர் நுனியிலிருந்து முத்தும். நுனி உதிர ஆரம்பிச்சதும், விரலுக்கு நடுவுல விட்டு லேசா இழுங்க. வர்றதை எடுத்துக்கிட்டு மீதியை விட்டுடணும். 3, 4 நாளைக்கு ஒருக்கா இதே வேலை. அரிவாள் போட்டா பச்சையும் சேர்ந்து வந்துடும். பனி காய்ஞ்சப்புறம் உருவி, நிழல்ல மெல்லிசாப் பரப்பணும். குமிச்சா சூடேறி முளைப்பு போயிடும்.

மழை தொடங்கறப்ப குத்தை எல்லாம் 10, 15 செ.மீ. விட்டு அறுத்துட்டா கதிர் ஓரளவு ஒண்ணாத் தள்ளும். யூரியாவை அள்ளிப் போட்டா தழைதான் மிஞ்சும்.

மேட்டுக்காடு:
பக்கத்துக் காட்டுல கோ 1ங்கற நீலக் கொழுக்கட்டை ரகம் இருக்குது. கலந்துடுமா?

சரளை:
மகரந்தத்தால கலக்கற பயம் குறைவு. கொழுக்கட்டை பெரும்பாலும் கருவுறாமலே விதை கட்டும், தாய்ச்செடி மாதிரியே வரும். கலப்பு வர்றது களத்துலயும் சாக்குலயும்தான்.

மேட்டுக்காடு:
அப்பத் தையில விதைச்ச இடத்தை உழுதுடலாங்களா?

கிளுவைவேலி:
வேண்டாங்க. எறும்பு இழுத்தது போக மிச்சம் அடுத்த மழைக்கு வரும். அதுவரைக்கும் ஆடு மாடு விடாதீங்க.