புதுப்பிப்பு: ஆங்கில ஜோடி இணைப்புச் சொற்களை எங்கே வைப்பது?

போத்–அண்ட், ஐதர்–ஆர், நாட் ஒன்லி–பட் ஆல்சோ போன்ற ஜோடிகளில் இரண்டு பக்கமும் ஒரே இலக்கண வடிவம் வர வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். விதி புரிகிறது, ஆனால் வாக்கியத்தைத் திருத்த வரவில்லை என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்ப்பு.

"ஷீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் டமில் பட் ஆல்சோ ஹிந்தி." இங்கே நாட் ஒன்லிக்குப் பின் வினைச்சொல், பட் ஆல்சோவுக்குப் பின் வெறும் பெயர்ச்சொல். சொற்களை மாற்றவே வேண்டாம், ஜோடியின் முதல் பாதியான நாட் ஒன்லியை நகர்த்தினால் போதும்: "ஷீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி டமில் பட் ஆல்சோ ஹிந்தி." தமிழில் 'உம்' சொல்லின் வாலிலேயே ஒட்டிவிடுவதால் இடம் தப்பாது. ஆங்கிலத்தில் முன்னால் வைக்க வேண்டும், அங்கேதான் நமக்குச் சறுக்குகிறது.

முன்னிடைச்சொல்லும் (பெயருக்கு முன் வரும் 'இன்' போன்ற சொல்) அப்படியே. "போத் இன் த மார்னிங் அண்ட் இன் த ஈவினிங்" சரி. "இன் போத் த மார்னிங் அண்ட் த ஈவினிங்" என்பதும் சரி. "போத் இன் த மார்னிங் அண்ட் த ஈவினிங்" தவறு. தேர்வில் அதிகம் மாட்டுவது இதுதான், ஏனென்றால் காதுக்கு உறுத்தாது.

நாட் ஒன்லி வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து வினையைச் சார்ந்து நின்றால் துணைவினை (இங்கே 'டிட்') எழுவாய்க்கு முன்னே வரும்: "நாட் ஒன்லி டிட் ஹீ கம் லேட், பட் ஹீ ஆல்சோ லெஃப்ட் எர்லி."

வினை ஒருமையா பன்மையா என்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். நைதர்–நார், ஐதர்–ஆர் இரண்டிலும் வினைக்கு அருகில் உள்ள எழுவாயைப் பாருங்கள்: "நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ் ஆர் ரெடி." எழுவாயில் போத்–அண்ட் வந்தால் பன்மை.