வீட்டுக் கொல்லையில் எரிவாயுக் குழாய்: ஆட்சேபம் எழுத 21 நாள்தான் அவகாசமா? உதவி தேவை

கொசஸ்தலைக் கரை:

மணலி புதுநகரைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள் எங்களுக்கு 62 சென்ட் நிலம் இருக்கிறது. அப்பா வாங்கியது. முன்பக்கம் ஓட்டு வீடு, அதை ஒட்டிக் கிணறு, மாட்டுக் கொட்டகை. அதற்குப் பின்னால் கத்தரி, வெண்டை போடுகிறோம். கடைசி வரப்பில் தென்னை வரிசை. அப்பா தவறிவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மா, எர்ணாவூரில் இருக்கும் அக்கா, நான் ஆகிய மூவரும் வாரிசுகள்.

போன மாதம் அளவெடுக்க வந்தவர்கள் கிணற்றுக்கும் கொட்டகைக்கும் நடுவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, "எரிவாயுக் குழாய் வருகிறது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், பயப்படாதீர்கள்" என்றார்கள். இப்போது ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 3, உட்பிரிவு 1 என்று தலைப்பில் இருக்கிறது. அட்டவணையில் எங்கள் புல எண்ணுக்கு நேராக 0, 07, 20 என்று மூன்று எண்கள். கொண்டுவந்து கொடுத்தவர் இன்னொரு தாளையும் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் காசோலை சீக்கிரம் வரும் என்றார். தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் போடவில்லை.

அந்த எண்களுக்கு எத்தனை சென்ட் கணக்கு? 21 நாள் என்பது எந்த நாளிலிருந்து? கொல்லைப் பக்கம் அக்காவுக்கு ஒரு வீடு கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம், அது இனி நடக்குமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா இரவில் சரியாகத் தூங்குவதில்லை.

தேரடித் தெரு:

சகோதரி, இது மத்திய அரசுத் திட்டம். எண்ணூர்த் துறைமுகத்தில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் குழாய்கள் வந்தவண்ணம்தான் இருக்கின்றன. யாராலும் நிறுத்த முடிந்ததில்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கல் நட்ட இடத்தில் இரண்டே வாரத்தில் ஓர் அறையைக் கட்டிவிடுங்கள். வீடு இருந்தால் குழாய் போட முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நில அளவர்:

அம்மா, தயவுசெய்து இப்போது எதையும் கட்டாதீர்கள். சட்டம் பார்ப்பது அறிவிப்புத் தேதிக்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை. அதற்குப் பிறகு எழுப்பிய சுவருக்கு மதிப்பில்லை, செலவுதான் மிச்சமாகும்.

முதலில் அந்த மூன்று எண்கள். ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்ற வரிசையில் எழுதுவார்கள். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆகவே 0, 07, 20 என்றால் 720 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் உங்களுக்கு ஏறக்குறைய 17.8 சென்ட். நடுவில் இருக்கும் 07 என்பதை ஏழு சென்ட் என்று எண்ணிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். உங்கள் நிலம் எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்று புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) பார்த்துச் சொல்லுங்கள், குழாய்ப் பாதையின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கிணறும் கொட்டகையும் தெரியும் பழைய புகைப்படங்கள், அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல் ஆகியவற்றை இன்றே ஒரு கோப்பில் சேருங்கள். கல்யாணம், காதுகுத்து ஆல்பத்தில்கூட கொல்லைப்புறம் விழுந்திருக்கும், தேடுங்கள்.

உயர் நீதிமன்றச் சாலை:

வழக்கறிஞராகச் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம், 1962இன் கீழ் வந்த முதல் அறிவிப்பு. நிலத்தில் உபயோக உரிமையை, அதாவது குழாய் பதித்துப் பராமரிக்கும் உரிமையை மட்டும், எடுத்துக்கொள்ள அரசு எண்ணுகிறது என்பதுதான் இதன் பொருள். இன்னும் எடுக்கவில்லை. பிரிவு 5இன்படி ஆட்சேபம் எழுதலாம். பிரிவு 6இன்படி வரும் பிரகடனம்தான் உரிமையை எடுக்கிறது, அதுவும் முதல் அறிவிப்பு வந்த ஓராண்டுக்குள் வெளியாக வேண்டும்.

21 நாள் கணக்கில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அறிவிப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். அரசிதழ்ப் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்த நாளிலிருந்து 21 நாள் என்று வழக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த நாள் எது என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அரசிதழ்த் தேதியிலிருந்தே எண்ணி, அதற்குள் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்த நாளை வைத்து எண்ணாதீர்கள்.

உங்களுக்குச் சாதகமான இடம் பிரிவு 7. அறிவிப்புக்கு முன் குடியிருப்பாகப் பயன்பட்ட நிலம், நிரந்தரக் கட்டுமானம் நின்ற நிலம், வீட்டோடு சேர்ந்த நிலம் ஆகியவற்றின் கீழ் குழாய் பதிக்கக் கூடாது. தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறைவாகவும் பதிக்கக் கூடாது. கிணறும் கொட்டகையும் வீட்டோடு சேர்ந்த புழக்கம் என்று நிறுவ முடிந்தால் உங்கள் வாதம் வலுவானது. கத்தரித் தோட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் வலுவான வாதமும் கெட்டுவிடும்.

அக்காவின் வீடு பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். பிரகடனம் வந்துவிட்டால் அந்த 17.8 சென்ட்டில் கட்டடம் கட்ட முடியாது, கிணறோ குளமோ தோண்ட முடியாது, மரம் நட முடியாது. இதுவரை செய்த பயிரைத் தொடரலாம். "நிலம் உங்களுடையதாகவே இருக்கும்" என்று அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் மறுபாதியைச் சொல்லாமல் போனது எனக்குக் கோபத்தைத் தருகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இப்படிப் பேசிவிட்டுப் போகலாமா?

கொசஸ்தலைக் கரை:

மிக்க நன்றி ஐயா. புலப்படத்தில் கிழக்கு மேற்காக 40 மீட்டர். கல்லிலிருந்து கல்லுக்கு நூல் பிடித்தால் பாதை நிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. வீடு ஒரு பக்கம், தென்னை மறுபக்கம்.

மைத்துனர், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால் போதும் என்கிறார். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாமல் எப்படி வரலாம் என்றும் கேட்கிறார். அப்படி ஒன்று உண்டா? இழப்பீடு எப்படிக் கணக்கிடுவார்கள்?

ஓய்வுபெற்ற நில அளவர்:

720ஐ 40ஆல் வகுத்தால் 18 மீட்டர். பாதையின் அகலம் அதுதான். குழாய் அதில் ஒரு கோடாகத்தான் போகும், மீதி இடம் இயந்திரம் நிற்க, மண் கொட்ட, பிற்காலத்தில் பராமரிக்க.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். "எங்கள் நிலத்தில் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் ஒரே வரியில் நிராகரிப்பார்கள். "தென்னை வரப்புப் பக்கம் நகர்த்துங்கள்" என்று புலப்படத்தில் கோடு போட்டுக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். ஆனால் இரும்புக் குழாய் சட்டென்று திரும்பாது. உங்கள் நிலத்தில் நகர வேண்டுமென்றால் இரண்டு புலங்களுக்கு முன்பே வளைவு தொடங்க வேண்டும். எனவே பக்கத்து நிலத்துக்காரர்களிடம் பேசுங்கள். அவர்கள் பக்கம் தரிசாகவோ வாய்க்கால் கரையாகவோ இருந்தால் சேர்ந்து ஒரே மாற்றுப் பாதையைக் கொடுங்கள். அவர்கள் தலையில் கட்டுவதுபோல நீங்கள் மட்டும் கோடு போட்டால் ஊரில் பகைதான் மிஞ்சும்.

உயர் நீதிமன்றச் சாலை:

ஆட்சியரிடம் மனு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது ஆட்சேபமாகக் கணக்கில் வராது. ஆட்சேபம் போக வேண்டியது அறிவிப்பில் பெயரும் முகவரியும் உள்ள தகுதி வாய்ந்த அலுவலருக்கு. மாநில அரசே எதிர்த்தும் நடக்காத கதை நம்மிடம் உண்டு. கொச்சியிலிருந்து பெங்களூரு, மங்களூருக்குப் போகும் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்ட விவசாய நிலங்களில் வரக் கூடாது, நெடுஞ்சாலை ஓரமாகப் போகட்டும் என்று 2013இல் தமிழக அரசு சொன்னது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மொத்தத் திட்டத்தையும் எதிர்ப்பது ஒரு போராட்டம், உங்கள் கொல்லையைக் காப்பது வேறொரு வேலை. இந்த 21 நாளில் இரண்டாவதைச் செய்யுங்கள்.

கருத்துக் கேட்பு பற்றி: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகள் வழியே போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்குத்தான் முன் அனுமதி கட்டாயம். அதனால்தான் பெரும்பாலான குழாய்களுக்குக் கூட்டம் நடப்பதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் விதி அப்படி இருக்கிறது. பாதை உங்கள் பக்கம் ஆற்றையோ கழிமுகத்தையோ கடக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் தனி அனுமதி வேண்டும், அந்த ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த ஒன்று உண்டு. யார் குழாய் போடலாம், கட்டணம் எவ்வளவு என்பதை அது பார்க்கும். உங்கள் நிலத் தகராறு அதன் மேசைக்குப் போகாது.

இழப்பீடு இரண்டு பகுதி. பயிர், மரம், வேலையின்போது ஏற்படும் சேதம் ஆகியவற்றுக்கு உரியது ஒன்று. உபயோக உரிமைக்காக, அறிவிப்புத் தேதியில் அந்த நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம் இன்னொன்று. ஒரு பேச்சுக்குச் சென்ட் 2 லட்சம் என்றால் 17.8 சென்ட்டுக்கு 35.6 லட்சம், அதில் 10 சதவீதம் 3.56 லட்சம். 62 சென்ட்டுக்கும் அல்ல. முதலில் தகுதி வாய்ந்த அலுவலர் நிர்ணயிப்பார், ஏற்கவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். கேரளத்தில் 2017இல் எதிர்ப்பு வலுத்தபிறகு இழப்பீட்டை உயர்த்தினார்கள். ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம். தொகை எழுதாத தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

தண்டையார்பேட்டை வாசி:

நிலக் கணக்கோடு பாதுகாப்பையும் கேளுங்கள் அம்மா. எங்கள் பகுதியில் 2013இல் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்து வந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. பூமிக்கடியில் போன குழாயில் கசிவு. அடிபம்பில் வந்த தண்ணீரில் வாடை அடித்தது, வாளியின் மேல் படலம் மிதந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. உங்களுடையது எரிவாயு, அது கிணற்றில் இப்படிக் கலக்காது என்றாலும், கேள்வி கேட்கும் உரிமை ஒன்றுதான். வீட்டிலிருந்து குழாய் எத்தனை மீட்டர்? அடைப்பு வால்வு எங்கே? கசிந்தால் எத்தனை நிமிடத்தில் மூடுவார்கள்? இரவில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? எரிவாயுக் குழாய்களுக்கென்று ஓ.ஐ.எஸ்.டி. 226 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது, அதன்படி அமைக்கப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலை யாரும் கோப்பில் வைப்பதில்லை.

உயர் நீதிமன்றச் சாலை:

சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கம் இப்படி இருக்கட்டும், விவரங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"மேற்படி அறிவிப்பின் அட்டவணையில் கண்ட எங்கள் புல எண்ணில், அறிவிப்புத் தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பு வீடும், அதைச் சேர்ந்த கிணறும் மாட்டுக் கொட்டகையும் இருந்துவருகின்றன. உத்தேசப் பாதை கிணற்றுக்கும் கொட்டகைக்கும் இடையே செல்கிறது. இது சட்டத்தின் பிரிவு 7 விலக்களித்த நிலமாகும். ஆகவே இப்பாதைக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறோம். இணைத்துள்ள புலப்படத்தில் காட்டியபடி பாதையை மாற்றியமைக்கவும், பிரிவு 5இன்படி எங்களை நேரில் விசாரிக்கவும் கோருகிறோம்."

மூன்று வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்களை இணையுங்கள். பட்டா மாறுதலுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். அது முடியும்வரை ஆட்சேபத்தைத் தள்ளிவைக்காதீர்கள். நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், இன்னொரு பிரதியை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஆட்சேபத்தின் மேல் அந்த அலுவலர் இடும் உத்தரவை இறுதியானது என்கிறது சட்டம். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றுதான் வழி. அங்கே நீதிபதி முதலில் கேட்பது, அன்று என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதையே.

தேரடித் தெரு:

படித்தேன். எங்கள் பெரியப்பா நிலத்துக்கும் அத்திப்பட்டுப் பக்கம் கல் நட்டிருக்கிறார்கள். அறிவிப்பு இன்னும் வரவில்லை. இப்போதே கொல்லையைப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

கொசஸ்தலைக் கரை:

கொடுத்துவிட்டோம். முதலில் எழுத்தர் தபாலில் அனுப்பச் சொன்னார். முத்திரை இல்லாமல் போக மாட்டோம் என்று அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். முத்திரை கிடைத்தது. பக்கத்து நிலத்து அண்ணனும் எங்களோடு கையெழுத்திட்டிருக்கிறார், அவர் பக்கம் வாய்க்கால் ஓரம் தரிசுதான். என் காதுகுத்துப் படத்தில் கிணற்றடி தெளிவாகத் தெரிகிறது, அதையும் இணைத்தோம். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்துவிட்டது. அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. அவர் இல்லாமல் போனால் சிக்கல் வருமா?

உயர் நீதிமன்றச் சாலை:

வராது. உங்களுக்கு அதிகாரம் அளித்து அம்மா ஒரு கடிதம் எழுதட்டும், இரண்டு சாட்சி போதும். வழக்கறிஞர் மூலமாகவும் ஆஜராகலாம், பிரிவு 5 அதை அனுமதிக்கிறது. நீங்கள் சொல்வதை அவர்கள் குறித்துக்கொள்ளும் தாளைப் படித்துப் பார்த்தபிறகே கையெழுத்திடுங்கள், விடுபட்டது இருந்தால் கையெழுத்துக்கு மேலே நீங்களே எழுதுங்கள். உத்தரவின் நகலை எழுத்தில் கேளுங்கள். அது வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற நில அளவர்:

புலப்படத்தின் அசலை எடுத்துப் போங்கள் அம்மா. ஓர் அளவுகோலும் பென்சிலும் கையில் இருக்கட்டும். மாற்றுப் பாதையைக் காட்டச் சொன்னால் மேசையிலேயே கோடு போட்டுக் காட்டலாம்.