'ரைபேரியன்' செடிகளுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சித்தூர் ஆசிரியை (பாலக்காடு):
வணக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கடையாகிப்போன தோட்டை, அதாவது சிறு நீரோடையை, தூர்வாரியிருக்கிறார்கள். சிமென்ட் சுவர் வேண்டாமென்று கரையைச் சரிவாக்கி, கயிற்றுப் பாய் விரித்து மூங்கில் முளை அடித்து, பாயில் துளை போட்டுக் கைதையும் (தாழை) நீர்மருதும் நட்டாயிற்று. தமிழ் மீடியப் பிள்ளைகளுக்காகத் தமிழிலும் ஒரு பலகை. கரையில் மண்ணைப் பிடித்து, நீருக்கு நிழல் தந்து, வயலிலிருந்து வரும் உரத்தண்ணீரை வடிகட்டும் செடிகொடிகளுக்கு என்ன எழுத? 'கரையோரத் தாவரம்' என்றால் கடற்கரை என்கிறார்கள்.

கோவை புலவர்:
'படுகைப் பயிரினம்'. வண்டல் படிவதால் படுகை. அல்லது 'மருதவிளிம்பு'. ஆற்றோர மரத்தின் பெயரையே வயல்நிலத்துக்கு வைத்தவர்கள் நாம். லத்தீனில் 'ரீப்பா' என்றால் கரை, அதை நாலு முறை சொல்லிப் பாருங்கள், நம் 'வரப்பு' கேட்கும்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
ஐயா, பத்து முறை சொல்லியாச்சு, கேட்கவில்லை. பேப்பர் படிக்கிறவனுக்குப் படுகை என்றால் காவிரிப் படுகை, தஞ்சாவூர் மொத்தமும் வந்துவிடும். 'கரைக்காப்புச் செடிகள்' சரியா?

பொள்ளாச்சி அன்பர்:
காப்பு என்றதும் காப்புக்காடு என்று வனத்துறைக்காரர் வந்து நிற்பார். அதைவிட முதலில் அந்தத் 'தோடு'. தோடு காதில் போடுவது. ஓடை என்று எழுதுங்கள்.

சித்தூர் ஆசிரியை:
அண்ணா, இங்கே வீட்டிலும் தோடுதான். ஓடை எது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இன்னொரு தலைவலி: கேரள அரசின் ஹரிதகேரளம் மிஷன் 2019இல் தொடங்கிய தோடு மீட்பு இயக்கத்தின் பெயர் 'இனி ஞான் ஒழுகட்டே'. பலகைக்கு வந்த தமிழ் வரைவில் 'இனி நான் ஒழுகட்டும்' என்றிருக்கிறது. ஒரு பையன் வகுப்பறை ஓட்டைக் காட்டினான்.

கோவை புலவர்:
சிரிக்க என்ன இருக்கிறது? ஆறு ஒழுகும் என்பதுதான் பழந்தமிழ், ஒழுக்கமே அதிலிருந்துதான். மலையாளத்தார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், நாம் கூரைக்குக் கொடுத்துவிட்டோம்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
சரி ஐயா, பலகையில் 'ஓடட்டும்' என்றே இருக்கட்டும். செடிகளுக்கு 'ஆற்றங்கரைச் செடிகள்', அப்புறம் கீழே கைதை, மருது, புங்கு என்று பெயர்கள். பிள்ளைக்குப் புரிந்தால் போதும்.

பொள்ளாச்சி அன்பர்:
சம்மதம். ஆனால் அது ஆறு இல்லையே.

சித்தூர் ஆசிரியை:
'தோட்டுக்கரை' என்று எழுதிப் பார்த்தேன், தோட்டம் என்று வாசிக்கிறார்கள். மூன்று பேர் சம்மதம், 'ஆற்றங்கரைச் செடிகள்' அச்சுக்குப் போகிறது.

கோவை புலவர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மருதவிளிம்பு.